எலிக்குச் சீயக்காய்

படித்த பெண்ணிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அதைச் செய்வதோடு நிற்கமாட்டாள். அதைப் பற்றி யோசிக்கவும் செய்வாள். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்போது நாங்கள் மலாயாவில், ஜோகூரில் லாயாங் லாயாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே கணக்கெழுதும் சின்னக் கிராணி. பெரிய கிராணி வேலையை விட்டு ஊருக்குப் போகவிருந்தார். அந்த நாற்காலி எங்களுக்குக் கிடைக்குமா என்பதுதான் வீட்டில் பேச்சு. அந்தச் சமயம் பார்த்து மியூசியத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். இந்தக் காடுகளில் என்னென்ன மிருகங்கள் இருக்கின்றன என்று யாருக்கும் முழுசாகத் தெரியாதாம். நல்ல தோல் ஒன்று கையில் இருந்தால்தான் ஒரு மிருகத்தைக் கணக்கில் சேர்ப்பார்களாம். "அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்" என்று தோட்டத்துத் துரை என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்.

அவருக்கு ஓர் எலி கிடைத்தது. இதுவரை யாரும் பார்க்காத எலியாக இருக்கலாம் என்றார். (எனக்கு எல்லா எலியும் ஒன்றுதான். வாலைக் கண்டாலே ஓடுவேன்.) தோலை உரித்து, உள்ளே மருந்து தடவி, பஞ்சு திணித்து, பலகையில் குத்தி எங்கள் சமையலறைத் தாழ்வாரத்தில் காயவைத்தார். "இதில் பாஷாணம் இருக்கிறது. தொட்டால் கையை நன்றாகக் கழுவிவிடுங்கள்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறுபடி காட்டுக்குப் போனார். மிஷன் பள்ளியில் படித்தவளாயிற்றே, ஒரு சொல் விடாமல் புரிந்தது.

புரிந்ததுதான் கேடு. என் மகன் அப்போது தவழும் பிள்ளை. அகப்பட்டதையெல்லாம் வாயில் வைப்பான். பலகையை உயரே வைத்தேன். விழுந்தால்? துணியால் மூடினேன். காற்றடித்தால்? எலியைத் தூக்கி எறிந்தால் பெரிய கிராணி வேலை போச்சு. வைத்திருந்தால் பிள்ளை போச்சு. யோசித்து யோசித்து இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தேன். கையைக் கழுவினால் விஷம் போகுமென்றால், எலியைக் கழுவினாலும் போகத்தானே வேண்டும்?

வெந்நீரில் ஊறவைத்தேன். தையலைப் பிரித்துப் பஞ்சை மாற்றினேன். சீயக்காய் போட்டு, பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல மெதுவாகத்தான் தேய்த்தேன். முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. ஈரம் ஆகாதே என்று சாம்பிராணிப் புகை வேறு போட்டேன். வாசனை மட்டும் அருமை.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "அலமாக்" என்று மலாயில் அலறி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என்ன கமலம் இது?"

"விஷத்தை எடுத்துட்டேங்க."

"விஷம் இருந்தாத்தான் பூச்சி அரிக்காதாம். முடியப் பாத்துத்தான் என்ன எலின்னே சொல்வாங்களாம்."

"முடி திரும்ப முளைக்காதா?"

"செத்த எலிக்கா?"

வெள்ளைக்காரர் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்த வழுக்கை எலியையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை. மேலும் சில நாள் பொறி வைத்துப் பார்த்தார். அதுபோல இன்னொன்று சிக்கவேயில்லை. மூவாரிலிருந்து யாரோ ஒருவர் வந்து பெரிய கிராணி ஆனார். நாங்கள் அதே சின்ன வீட்டிலேயே இருந்தோம்.

பிறகு பகாங் காட்டில் அப்படி ஓர் எலி அகப்பட்டதாகக் கேள்வி. ஜோகூரில் அந்த இனம் இல்லை என்று துரைமார் முடிவு கட்டிவிட்டார்களாம். ஒரு நாட்டின் அறிவையே நான் சீயக்காய் போட்டு அலசிவிட்டேனோ என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். வீட்டுக்காரருக்கோ விருந்தாளி வந்தால் இந்தக் கதைதான். என் கையால் காப்பியை வாங்கிக்கொண்டே முடிப்பார்:

"ஜோகூர்லயும் இருந்துச்சுங்க. குளிச்சுட்டுப் போயிடுச்சு."