குழாய்க்குள் இருப்பவர்

மீன் வீட்டுக்கு வந்து ஒரு கிழமையாகியும் ஒருவரும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

“உயிரோடைதான் கிடக்கோ?” என்று சிவமலர் கேட்டார்.

“கிடக்கு, கிடக்கு. வெக்கப்படுது,” என்றார் கணவர் நித்தியானந்தன். சொன்ன கையோடு கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். தண்ணீருக்கடியில் அது ஒளிந்திருந்த களிமண் குழாயின் இருட்டு வாய்தான் தெரிந்தது.

சுவிஸின் எம்மன்புரூக்கே நகரில் அவர்களுடைய மூன்றாம் மாடி வீட்டுக்குள் இந்த மீன்தொட்டி லேசில் நுழைந்துவிடவில்லை. நித்தியானந்தன் பல்கனியில் வளர்த்த கறிவேப்பிலை, மிளகாய், கற்றாழை எல்லாம் வரிசையாக மேலோகம் போயிருந்தன. கற்றாழையை ஒரு மனிதர் எப்படிச் சாகடிக்கலாம் என்பது இன்றுவரை ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆகவே சிவமலர் நிபந்தனை போட்டிருந்தார்: ஒரு மீன் செத்தாலும் தொட்டி கீழே நிலவறைக்குப் போய்விடும், பழைய சூட்கேசுகளோடு.

குழாயைத் தூக்கிப் பார்க்கவும் வழியில்லை. கடைக்காரப் பெண் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அது பாசி தின்னும் கெளுத்தி, குழாய்க்குள் ஒட்டிக்கொண்டிருக்கும், குழாயோடேயே தண்ணீரில் இறக்குங்கள், தொந்தரவு செய்தால் பயத்திலேயே செத்துவிடும். குழாய் கிடந்த தண்ணீர்ப் பையைப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தாள். நித்தியானந்தன் அதைப் பிறந்த பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

முதலில் வெளிச்சம் கூடிவிட்டது என்று விளக்கை அணைத்தார். இப்போது குழாயும் தெரியவில்லை. பிறகு சத்தம்தான் காரணம் என்று முடிவெடுத்தார். தொலைக்காட்சி ஊமையானது. மகள் யாதவியின் பாட்டு நின்றது.

“குக்கர் விசிலடிச்சா அதுக்கு நெஞ்சடைக்கும்.”

“அப்ப பருப்பை என்ன செய்யிறது?”

“புட்டு அவியும். புட்டு சத்தம் போடாது.”

நாலு இரவு புட்டுச் சாப்பிட்ட பிறகு யாதவி சொன்னாள்: “அப்பா, அது வெளியிலை வரேல்லையெண்டா நான் அந்தக் குழாய்க்குள்ளை போய் இருந்திடுவன்.”

பசித்தால் வரும் என்று வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றைத் தொட்டிக்குள் போட்டார். வெள்ளரிக்காய் கூழானது. தண்ணீர் பசும்பால் போலாகிவிட்டது.

“ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை முகம் காட்டாட்டி, செத்ததெண்டுதான் கணக்கு,” என்றார் சிவமலர்.

அப்போது கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுச் சுவிஸ்காரி மையர் அம்மா. அவர் படியேறி வந்தால் அது சத்தத்தைப் பற்றிய முறைப்பாடாகத்தான் இருக்கும். இன்றைக்கோ முகம் வெளிறிப்போய் நின்றார்.

“உங்களுக்கு ஏதும் நடந்துவிட்டதா? ஒரு வாரமாக ஒரு சத்தமும் இல்லை. எனக்குத் தூக்கமே வரவில்லை.”

நித்தியானந்தன் அவரைத் தொட்டியடிக்குக் கூட்டிவந்தார். மையர் அம்மா குனிந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். திடீரென்று நெஞ்சில் கை வைத்தார்.

“அதோ! என்ன அழகு!”

நித்தியானந்தனும் பார்த்தார். பால் வெள்ளைக்குள், குழாயின் வாயில், இரண்டு பொன் புள்ளிகள். ஒரு மீசை. மெல்ல அசைந்து மறைந்த ஒரு வால். உலகத்தில் இவ்வளவு அமைதியான ஒன்று தன்னை நம்பித் தன் வீட்டுக்குள் இருக்கிறதே என்று நினைக்க அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஓம் அப்பா! செட்டை அடிக்குது!” என்று யாதவி கிசுகிசுத்தாள்.

சிவமலர் அகப்பையோடு வந்தார். கனநேரம் பார்த்தார். பிறகு அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, கோயிலில் திரை விலகியது போலக் கைகட்டி நின்றார்.

“அம்மாளாச்சி… மூச்சு விடுறதுகூடத் தெரியுதப்பா.”

நிலவறைப் பேச்சு அன்றோடு முடிந்தது. குக்கரை மறந்தே போனார்கள். வேலைத்தலத்து நண்பர் கனகரத்தினம் அண்ணை வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அரைமணி நேரம் நின்றார்.

“முதல்லை எனக்குத் தெரியேல்லை, தம்பி. பிறகு காட்டினது பாருங்கோ! அது எல்லாருக்கும் காட்டுற முகமில்லை.”

வந்தவர் ஒருவருக்கும் காட்சி தவறவில்லை. ஆனால் சிவமலருக்கு மனம் ஆறவில்லை.

“பாவம், தனிய இருக்குது. இந்த நாட்டிலை கினிப்பன்றியைக்கூடத் தனிய வைக்க விடமாட்டாங்கள். கடையிலை ஒரு துணை வேண்டிக் குடுப்பம்.”

சனிக்கிழமை எல்லோரும் கடைக்குப் போனார்கள். கனகரத்தினம் அண்ணையும் சாட்சிக்கு வந்தார். அதே பெண் நின்றாள். நித்தியானந்தன் வாயைத் திறக்க முதலே சிவமலர் தனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் திரட்டி முன்னால் போனார்.

“எங்கள் மீனுக்கு ஒரு துணை வேண்டும். மிக நல்ல மீன். இப்போது என் குரலைக் கேட்டாலே வெளியே வருகிறது.”

அந்தப் பெண் நித்தியானந்தனைக் கண்டதும் கைகளைத் தட்டினாள்.

“நல்லவேளை, நீங்களே வந்துவிட்டீர்கள்! நீங்கள் போன பிறகுதான் கண்டோம்: அன்றைக்கு அது குழாயிலிருந்து நழுவி எங்கள் தொட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டது. உங்கள் மீன் இன்னும் இங்கேதான் காத்துக்கொண்டிருக்கிறது.”