ஜன்னல் கைப்பிடியும் எங்கள் ஊர் மானமும்

கோலார் தங்கவயலில், அதாவது கேஜிஎஃப்பில், பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த இரும்பைப் பார்த்தாலும் அது தங்கள் சொந்தக்காரன் என்று நினைத்துக்கொள்வோம். என் தாத்தா சுரங்கத்துக்குள் இறங்கியவர். சித்தப்பா சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் வின்ச் ஓட்டியவர். அப்பா சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். இப்பேர்ப்பட்ட வம்சத்தில் வந்த நான் படித்தது பி.காம். பார்ப்பது பெங்களூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. அதுவரை வாழ்க்கையில் நான் திருகியது ஊறுகாய் பாட்டில் மூடி மட்டும்தான். ஆனால் வாயைத் திறந்தால், "எங்க ரத்தத்துலயே ஸ்பேனர் ஓடுது" என்பேன். (எந்த சைஸ் ஸ்பேனர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.)

வாழ்க்கைப்பட்டது ஜோகுபாளையத்தில், மாடி வீட்டில். கணவர் ரகுவின் குடும்பம் ரொம்ப காலத்துக்கு முன்பே பெங்களூருக்கு வந்து, அரசாங்க வேலையில் உட்கார்ந்து, அப்படியே உட்கார்ந்திருந்த குடும்பம். அவர்கள் வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றால் முதலில் பேசுவார்கள், பிறகு இன்னொரு நாள் பேசுவார்கள், பிறகு யாரையாவது கூப்பிடுவார்கள், அந்த ஆள் வரமாட்டான். வீட்டில் ஒரு சுத்தியல் இருந்தது. அது தேங்காய் உடைக்க.

எங்கள் கல்யாணத்தின்போது அவர்கள் பக்கத்து உறவுக்கார அம்மாள் ஒருவர், "ஓ... மைன்ஸ்ல வேலை செஞ்சவங்களா?" என்று கேட்டார். அந்த 'ஓ'வை அவர் இழுத்த இழுப்பு என் காதைவிட்டு இன்னும் போகவில்லை. அப்பா அதைக் கேட்டுவிட்டு சாம்பார் ஊற்றிக்கொண்டார். நான்தான் என்றைக்காவது ஒருநாள் இந்த வீட்டாருக்கு எங்கள் ஊர்க் கை எப்படிப்பட்டது என்று காட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

அந்த ஒருநாள், போன வருடம் மழைக்காலத்தில் வந்தது. அத்தை ஹால் ஜன்னலைச் சாத்த இழுத்தபோது, ஜன்னல் அங்கேயே நின்றது, கைப்பிடி மட்டும் அவர் கையோடு வந்துவிட்டது. மற்ற ஜன்னல்களையும் ஆட்டிப் பார்த்தோம். எல்லாமே பாட்டிப் பற்கள்.

"கார்ப்பென்டரைக் கூப்பிடணும்" என்றார் மாமா.

"எதுக்கு மாமா? நான் இருக்கேனே!"

"உனக்கு இதெல்லாம் வருமாம்மா?"

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? நான் கேஜிஎஃப்!"

மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நல்ல மனுஷர் அவர். என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அங்கேயே அப்பாவுக்குப் போன் போட்டார். "சம்பந்தி, ஞாயித்துக்கிழமை ட்ரெய்னைப் பிடிச்சு வந்துடுங்க. உங்க பொண்ணு நம்ம வீட்டு ஜன்னலுக்கெல்லாம் கைப்பிடி மாட்டப் போறா. நீங்க வந்து பாக்கணும்." எனக்கு அப்போதே லேசாக வியர்த்தது. ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே, பின்வாங்க முடியுமா?

ஓல்ட் மெட்ராஸ் ரோடு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவர்.

"பழைய பீஸ் தந்திதீரா, கொண்டாந்தீங்களா மேடம்? அளவு பாக்கணும்."

"அளவெல்லாம் என் கண்ணுலயே இருக்கு. நல்லதா, பெருசா காட்டுங்க."

அவர் அலுமினியத்தில் சின்னச் சின்னதாக எடுத்துப் போட்டார். வீட்டில் இருந்ததும் அதே மாதிரிதான். எனக்குப் பிடிக்கவில்லை. இதை மாட்டினால் அப்பா வந்து எதைப் பார்ப்பார்? மேல் தட்டில் ஒன்று மினுமினுத்தது. பித்தளை, வில் மாதிரி நன்றாக வளைந்து, கை முழுக்கப் பிடிக்கும்படி நீளமாக, கனமாக இருந்தது.

"அது கதவுக்கு மேடம்."

"ஜன்னலும் கதவுதானே?"

"ஜன்னலுக்கு உள்ள கிரில் இருக்கா? கிரில்லுக்கும் கதவுக்கும் நடுவுல எஷ்டு கேப்?"

"நாங்க கேஜிஎஃப்" என்றேன். அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆயித்து, உங்க இஷ்டம்" என்று எடுத்துக் கட்டிக்கொடுத்தார்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு ஜன்னலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மரக் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்பக்கம் சட்டத்தில் இரும்புக் கம்பிகள் படுக்கை வாக்கில் ஓடும். கம்பிகளின் இடைவெளியில் கையை விட்டுத்தான் கதவைத் தள்ளவும் இழுக்கவும் வேண்டும். பழைய கைப்பிடி சின்னது. இரண்டு கம்பிகளுக்கு நடுவில், யாரையும் தொந்தரவு செய்யாமல் அடக்கமாக உட்கார்ந்திருக்கும்.

சனிக்கிழமை மதியம் வேலையை ஆரம்பித்தேன். ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் ரகு டிரில்லும் ரசமட்டமும் இரவல் வாங்கி வந்திருந்தார். வெளியே தூறல். கதவைத் திறந்து வைத்தால் ஆடும், ஆடினால் ஓட்டை கோணும் என்று எல்லாக் கதவுகளையும் சாத்திக் கொண்டி போட்டேன். (இந்த யோசனை எனக்கு எப்படித் தோன்றியது என்று அப்போது என்னையே மெச்சிக்கொண்டேன்.) கைப்பிடியை நெட்டுக்குத்தாகக் கதவில் வைத்துப் பார்த்தேன். நீளம் அதிகமில்லையா, நடுவில் ஒரு கம்பி வந்தது. கம்பிக்கு மேலே ஒரு கால், கீழே ஒரு கால். வளைவு நன்றாகப் புடைத்திருந்ததால் கம்பி அதற்குள் அழகாக அடங்கியது. அளவெடுத்துச் செய்தது மாதிரி! கடைக்காரருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பென்சிலால் குறித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஓட்டை போட்டு, ஸ்க்ரூவை டிரில்லாலேயே முடுக்கினேன். அப்பா வந்து இழுத்துப் பார்ப்பார், ஒரு துளிகூட ஆடக்கூடாது என்று டிரில் அலறுகிற வரைக்கும் முடுக்கினேன். ஸ்க்ரூ தலையில் இருக்கிற பள்ளமெல்லாம் மழுங்கி வழுவழுவென்று ஆகிவிட்டது. அதுவும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஹாலிலும் இரண்டு அறைகளிலும் எல்லா ஜன்னலுக்கும் போட்டு முடித்தேன். சமையலறைக்கு மட்டும் கைப்பிடி போதவில்லை. (அந்தச் சமையலறை ஜன்னலால்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் காற்று இருக்கிறது.)

மாமா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "பிரமாதம்மா! அரண்மனை மாதிரி இருக்கு." அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கியது.

மறுநாள் காலை. எழுந்தவுடன் ஹால் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்ப்பது மாமாவின் வழக்கம். நான் காபி கலந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, இங்க கொஞ்சம் வா. ஜன்னல் ஸ்டக் ஆயிருக்கு."

போய்த் தள்ளினேன். ஓர் அங்குலம் நகர்ந்து 'டங்' என்று நின்றது. மறுபடி தள்ளினேன். 'டங்'. பக்கத்து ஜன்னலுக்கு ஓடினேன். அதுவும் 'டங்'. அறைக்குள் ஓடினேன். வீடு முழுக்கக் கோயில் மணி அடித்த மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கைப்பிடி கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது. கைப்பிடி கதவோடு, கம்பி சட்டத்தோடு. ஐயையோ! வீட்டு ஜன்னல்களையெல்லாம் நானே கம்பியோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறேன்!

"மழைக்கு மரம் ஊதியிருக்கும் மாமா" என்று சொல்லிவிட்டு ரகுவை எழுப்பினேன். அவர் வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. எங்கப்பா வந்துட்டே இருக்காரு. கழட்டுங்க சீக்கிரம்!"

"எப்படிடி கழட்டறது? ஸ்க்ரூல பள்ளமே இல்லையே. உங்க ஊர்ல பூமிக்குள்ளேர்ந்து தங்கத்தை எப்படித்தான் வெளியே எடுத்தீங்க?"

வேறு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு ஒரு வாரம் பேசியிருக்கமாட்டேன். அன்றைக்கு அழுகை முட்டியது. கல்யாணத்தன்று கேட்ட அந்த 'ஓ'தான் காதில் ஒலித்தது. நான் தோற்றால் பரவாயில்லை. அப்பா தலைகுனிந்து நிற்பாரே, அதுவும் சம்பந்தி வீட்டு ஹாலில். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

வாசலில் மணி அடித்தது. அப்பா. இஸ்திரி போட்ட சட்டை, கையில் பேக்கரிப் பொட்டலம். சுரங்கத்தை மூடிய பிறகு தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோன மனிதர் அவர். அத்தனை வருடத்தில் ஒருநாளும் என் அப்பாவிடம் இத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"வாங்க சம்பந்தி!" என்று மாமா கையைப் பிடித்து நேராக ஜன்னலுக்கே கூட்டிப் போய்விட்டார். "பாருங்க, எவ்வளவு நீட்டா போட்டிருக்கா. ஆனா ஒரு சின்ன விஷயம். தொறக்க மாட்டேங்குது. நீங்கதான் இதுல பெரிய ஆள், என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

அப்பா கண்ணாடியைப் போட்டார். கம்பியை ஒரு விரலால் தடவினார். கைப்பிடியைப் பிடித்து இழுத்தார், தள்ளினார். 'டங்'. ஸ்க்ரூவைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதவர். அதுவும் நட்டு போல்ட்டு விஷயத்தில் வாய்ப்பே இல்லை. மேலே ஒருத்தன் சரியாக முடுக்கினேன் என்று பொய் சொன்னால் கீழே ஒருத்தன் உயிர் போய்விடும் என்று வளர்ந்தவர். அப்படிப்பட்ட மனிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சம்பந்தி, இது தொறக்கறதுக்குப் போட்டது இல்லீங்கோ."

"பின்னே?"

"சேஃப்டி லாக்கு. ஒரு இஞ்சு தொறக்குது பாருங்கோ, காத்துக்கு அது போதும். இப்பல்லாம் திருடன் கிரில்லுல குச்சி உட்டு செல்போன அள்ளிக்கினு போறான். இந்த சந்துல குச்சி பூராது."

மாமா வாயைப் பிளந்தார். "அட! போன மாசம் பின் தெருவுல அப்படித்தான் ஒருத்தர் பேன்ட்டையே எடுத்துட்டுப் போயிட்டான்! ஏம்மா, இதை நீ முதல்லயே சொல்லக்கூடாதா? மரம் ஊதியிருக்குன்னியே?"

நான் காபியை ஆற்றத் தொடங்கினேன். ரகு சமையலறைக்குள் ஓடிவிட்டார்.

"முழுசா தொறக்கணும்னா?" என்று மாமா விடாமல் கேட்டார்.

"எதுக்குத் தொறக்கணுங்கறேன்? வெளியே இன்னா இருக்குது, வண்டிப் பொகதானே?"

"ஹௌது, ஹௌது" என்று மாமா தலையாட்டினார். அரசாங்கத்தில் அத்தனை வருடம் உட்கார்ந்தவர், மறுகேள்வி கேட்கவே இல்லை.

சாயங்காலம் அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிளாட்பாரத்தில் நின்றபோதுதான் வாய் வந்தது. "மைன்ஸ்ல நிஜமாவே அப்படி ஒரு லாக்கு இருந்துச்சாப்பா?"

"யம்மா, அங்க எவனாவது இந்த மாதிரி மாட்டியிருந்தான்னு வெச்சிக்க, அன்னிக்கே அட்சி தொரத்தியிருப்பாங்கோ."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆனா ஒண்ணும்மா" என்றார். "எல்லாத்தையும் லெவல் பாத்தேன். ஒரு நூலு சாயல. அது நம்ம கை."

அவர் ரயிலேறிய பிறகு, அத்தனை ஜனத்துக்கு நடுவில் நின்று அழுதேன். என் பி.காம் ரிசல்ட் வந்தபோதுகூட அந்தக் குரலில் அவர் பேசியதில்லை.

அதோடு முடிந்திருக்கும், மாமா சும்மா இருந்திருந்தால். யார் வீட்டுக்கு வந்தாலும் தண்ணீர் கொடுக்கும் முன்னால் ஜன்னலண்டை கூட்டிப் போய், 'டங்' என்று ஒருமுறை இடித்துக் காட்டி, "கேஜிஎஃப் லாக்! சம்பந்தி ஊர் டெக்னிக். நம்ம மருமகளே போட்டது" என்பார். அந்த 'ஓ' அம்மாளுக்கும் காட்டினார். அவரும், "ஓ!" என்றார். இந்தத் தடவை அது வேறு 'ஓ'. ரகுவோ, ஜாம் பாட்டில் திறக்கவில்லை என்றாலும், ஆபீஸ் பாஸ்வேர்டு மறந்தாலும், "கேஜிஎஃப் லாக் ஆயிடுச்சு" என்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கீழ் வீட்டுக்காரர்கள் கெஞ்சிக் கேட்டதால் அவர்கள் படுக்கையறை ஜன்னலுக்கும் நானே மாட்டிக் கொடுத்தேன். மாமாதான் பக்கத்தில் நின்று மேற்பார்வை. போன வாரம் கீழ் வீட்டு அம்மாள் முகம் வாடி மாடிக்கு வந்தார்.

"ஸ்க்ரூ லூஸ் ஆயிடுச்சு போலிருக்குங்க. நேத்து காத்துல ஜன்னல் முழுசா தொறந்துக்கிச்சு."

மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "என்னம்மா இது, தொறக்குதாமே? உங்கப்பா பேரு என்னத்துக்கு ஆவறது?"

டிரில்லைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். அப்பா பேராச்சே! இப்போது திறக்காது.