புகையாய்ப் போன கல்யாணப் படங்கள்

பினாங்கு,
17.9.1984

பெருமதிப்புக்குரிய கமலாம்பிகை அக்காவுக்கு, தம்பி குலசேகரம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் பத்மாவதியும் சுகம். தைப்பிங்கில் உங்கள் இடுப்பெலும்பும் சுகமாகிவரும் என்று நம்புகிறேன்.

எங்கள் பிள்ளை புஷ்பராணியின் கல்யாணத்துக்கு வர முடியாத நீங்கள், உங்கள் கூறைச்சேலையில் அவளைப் படத்திலாவது பார்க்கவேண்டும் என்று கேட்டீர்கள். நானே எடுத்து அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்து, புதுக் கமராவும், கடைக்காரர் காட்டிய கறுப்பு ஃபில்டர் கண்ணாடி ஒன்றும் வாங்கினேன். சோபாவின் பிளாஸ்டிக் உறையையே இன்றுவரை கழற்றாதவன் நான்; லென்ஸில் தூசி படக்கூடாதென்று அந்தக் கண்ணாடியை மாட்டியவன் கழற்றவேயில்லை. கமராவுக்குள்ளே பார்த்தால் மண்டபமே இருட்டு. கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று பயந்து, நல்ல நாளில் யாரிடமும் சொல்லாமல், கமராவை முக்காலியில் நிறுத்தி எடுத்துக்கொண்டே போனேன். பொத்தானை அமுக்கினால் ஷட்டர் க்ளிக் என்று திறக்கும், ஆற அமர யோசித்துத்தான் மூடும். விலையுயர்ந்த கமரா நிதானமாக வேலை செய்கிறது என்று எனக்குப் பெருமை வேறு.

படம் கழுவி வந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தாலி கட்டுமிடத்தில் பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை, சிவப்பாய் ஒரு புகைதான். முன்வரிசையில் தூங்கிய விநாசித்தம்பி அத்தான் மட்டும், வாய் திறந்தபடி, பல்லெல்லாம் தெளிவாக எல்லாப் படத்திலும் இருக்கிறார். கடைக்கார ஷேக் அலாவுதீனிடம் ஓடினேன். "அண்ணே, இது வெளிச்சத்த கொறைக்கும் லா. அருவித் தண்ணி பால் மாதிரி வர்றதுக்கு மாட்டுறது. ஆடாம இருக்கிறது மட்டுந்தான் விழும். கல்யாண வீட்டுல யாரு ஆடாம நிக்கிறா?" என்றார்.

ஒரே ஒரு படம் தப்பியது. பிள்ளை கோலாலம்பூருக்குப் புறப்படும்போது டைமரை வைத்துவிட்டு ஓடிப்போய் அவளருகில் நின்றேன். "உந்தக் கமராவை விடுங்கோ, பிள்ளை போறாள்" என்று பத்மாவதி ஏசினாள். பிள்ளை என் தோளில் முகம் வைத்தாள். சுற்றி நின்ற சனமெல்லாம் புகை. நாங்கள் இருவர் மட்டும் கூறையின் சரிகை வரை தெளிவு. அவ்வளவு நேரம் நாங்கள் அசையவில்லை என்பது படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும் அக்கா. அவள் போனபின் வீடு வீடாக இல்லை. அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வாக்கை இவ்வளவுதான் காப்பாற்ற முடிந்தது, மன்னியுங்கள்.

நீங்கள் விரைவில் எழுந்து நடக்கத் தண்ணீர்மலை முருகன் துணையிருப்பான்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
குலசேகரம்

பி.கு.: உறையை ஒட்டப்போனேன், பத்மாவதி சிரிக்கிறாள். மண்டபத்தில் என் பின்னால் நின்று படமெடுத்தவரை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்திருந்தேன். என்னை நம்பாமல் அவள் ஏற்பாடு செய்த யூசுப்பாம். ஆல்பம் வந்துவிட்டது. கூறையில் புஷ்பராணி அவ்வளவு அழகு. நாளை பார்சலில் அனுப்புகிறேன். பிள்ளை என் தோளில் சாய்ந்தது மட்டும் அதில் இல்லை. ஆகவே என் படத்தை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். கோபிக்கவேண்டாம் அக்கா, இன்னொரு பிரதி போடும்வரை அது என் சட்டைப் பையில் இருக்கட்டும்.