மாப்பிள்ளை எடுத்த களை

படித்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது தெரியாமல் போயிற்று.

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். பட்டணத்துக் கல்லூரியில் தாவரவியல் முடித்த கையோடு எனக்குக் கல்யாணம் ஆனது. மாமனாருக்கு மண்ணூர்பேட்டையில் மூன்று காணி நஞ்சை. "புல்லுப் படிச்சவனுக்கு எவன் வேலை குடுப்பான்? வேலை கெடைக்கட்டும், பொண்ண அனுப்பறேன்" என்று மகளை (அதாவது என் மனைவியை) அங்கேயே நிறுத்திக்கொண்டார். எப்படியாவது கெஞ்சி அவளை அழைத்துப் போகத்தான் வந்திருந்தேன். ஆனால் அவரைக் கண்டாலே எனக்குப் பயம்.

பயம் வந்தால் உளறுவது என் வழக்கம். சாப்பிடும்போது, "பூக்கிற செடிகளில் புல் ஒரு தனிக் குடும்பம் மாமா. நெல், கரும்பு, மூங்கில் எல்லாம் அதில்தான்" என்றேன்.

"அப்ப மூங்கில உலையில போட்டுத் துன்னலாமா மாப்ளே?"

வீடே சிரித்தது. மனைவியும் சிரித்தாள், அதுதான் வலித்தது. மறுநாள் நானே களையெடுக்க இறங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நெல்லைப் போலவே வளரும் ஒரு களைப்புல் உண்டு. இலை தண்டைத் தழுவும் இடத்தில் நாக்குப்போலச் சிறு ஜவ்வு இருக்கிறதா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். பாடம் நன்றாக நினைவிருந்தது: நாக்கு இருந்தால் களை. (உண்மையில் நாக்கு நெல்லுக்குத்தான்.) வயலின் ஒரு மூலையையே பிடுங்கித் தள்ளினேன்.

பக்கத்தில் களையெடுத்த கன்னியம்மா என் குவியலைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டார். "ஐயையோ, இன்னா சாமி பண்ணிக்கீறீங்க? அத்தினியும் நெல்லாச்சே! பெரியவரு வேற வந்துகினு கீறாரு!"

வரப்பில் மாமனார், கையில் மண்வெட்டியோடு. பிடுங்கிய பயிரை அவசர அவசரமாகத் திரும்ப ஊன்றினேன், சிலதைத் தலைகீழாக. இனி மனைவியைக் கண்ணால் பார்க்கக்கூட விடமாட்டார் என்று அழுகையே வந்துவிட்டது.

அவர் குவியலைப் பார்த்தார். செழிப்பாக நின்ற களையைப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்:

"ஏ புள்ளே! பொட்டியக் கட்டு! இன்னிக்கே மாப்ளேகூட கெளம்பு! இவரு இன்னும் ரெண்டு நாளு இங்க இருந்தாருன்னா, நாம பட்டினிதான்!"

பகல் ரயிலுக்கே அம்பத்தூரில் கொண்டுவந்து ஏற்றிவிட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு அறுவடைக்கும் அவர் அனுப்பும் அரிசி மூட்டைக்குள் ஒரு துணிமுடிச்சும் வரும். உள்ளே அந்தக் களைப்புல்லின் விதை. 'மாப்ளே வெள்ளாமை' என்று வீட்டில் அதற்குப் பெயர். ஒருமுறை மனைவி அதைக் குத்திக் கஞ்சி காய்ச்சினாள். நன்றாகத்தான் இருந்தது. மாமனாரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மறு வருஷம் மூட்டை முழுக்க அதையே அனுப்பிவிடுவார்.