நார்வேயிலிருந்து ஒரு நிபுணர்

"இன்னைக்கும் மூடிட்டாங்க மாஸ்டர்," என்றாள் ஹிமேனா, வாசலில் பூட்ஸைத் தட்டிக்கொண்டே. "மேலே பேய்க்காத்தாம்."

"ஆளையே தூக்குதாம்," என்றான் பின்னால் வந்த சீரோ.

பயிற்சியாளர் எவரிஸ்தோ மாத்தே தேநீர்க் குடுவையை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஒரு பைன் ஊசிகூட அசையவில்லை. அந்த மலையின் குணம் அப்படி. அடிவாரத்தில் ஏற்றிய தீக்குச்சி அணையாது, உச்சிக்குப் போனால் தொப்பி பக்கத்து மாகாணத்துக்குப் போய்விடும். ஃபோனில் விசாரிக்கலாமென்றால் மலைமேல் ஆளேற்றும் லிஃப்ட்காரர் ஃபெர்மினின் தொலைபேசி போன மாதமே உயிரை விட்டுவிட்டது. நடந்து போகலாமென்றால் எவரிஸ்தோவின் இடது முழங்கால் சம்மதிக்காது, வேனில் போனால் ஊரையே சுற்ற வேண்டும். அதனால் தினமும் காலையில் அணித்தலைவி ஹிமேனாவும் சீரோவும்தான் காட்டுப்பாதையில் போய்க் கேட்டு வந்தார்கள். பொறுப்பான பிள்ளைகள்.

மெண்டோசா நகரத்திலிருந்து ஒன்பது பிள்ளைகளைப் பனிச்சறுக்குப் பந்தயப் பயிற்சிக்கென்று கூட்டி வந்திருந்தார். இன்று செவ்வாய், இரண்டாம் நாள். இன்னும் ஒருவர் காலிலும் ஸ்கீ ஏறவில்லை.

அது பரவாயில்லை. சீரோவின் அம்மா கிரிசெல்தாவுக்கு என்ன பதில் சொல்வது? பெற்றோர் வாட்ஸாப் குழுவுக்கு அவள்தான் தலைவி. கிளம்பும்போதே கறாராகச் சொல்லியிருந்தாள்.

"தினம் சாயங்காலம் ஏழு மணிக்குப் பயிற்சி வீடியோ வரணும் மாஸ்டர். தவறிச்சுன்னா ஆஸ்திரியாவுல படிச்ச பையன் ஒருத்தன் தயாரா இருக்கான்."

எவரிஸ்தோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பனியை விட்டால் வேறு பிழைப்பு தெரியாது. அதனால் திங்களன்று பிள்ளைகளோடு பழைய நீராவி ரயிலில் ஊர் சுற்றிவிட்டு, 'பயிற்சி பிரமாதம், கேமரா உறைந்துவிட்டது' என்று அனுப்பியிருந்தார். கேமரா தினமும் உறையுமா?

"அப்ப இன்னைக்கு எங்க போறோம்?" என்றாள் ஹிமேனா.

"எங்கயும் இல்ல. தண்டால் எடுக்கப் போறோம்."

"அணிக்கு ஒத்துமை முக்கியம்னு நீங்கதானே சொல்வீங்க."

"அதுக்குத்தானே நேத்து ரயில்ல போனோம்?"

"ரயில்ல எல்லாரும் தனித்தனி ஜன்னல் மாஸ்டர். ஒத்துமை பாதிதான் வந்திருக்கு."

மீதி ஒற்றுமைக்காகச் சாக்லேட் கடைக்குப் போனார்கள். திரும்பும் வழியில் எவரிஸ்தோவின் கண்ணில் பட்டது அந்தப் பனிமேடு. சூப்பர்மார்க்கெட்டின் பின்பக்கம், தெருப்பனியையெல்லாம் வழித்துக் கொட்டி வைத்திருந்தார்கள். இரண்டு ஆள் உயரம்.

வேனை நிறுத்தினார். கடையில் ஆறு துடைப்பம் இரவல் வாங்கிக் கொடிக்கம்பாக நட்டார். பிள்ளைகள் பந்தய உடையை மாட்டிக்கொண்டு, சாக்லேட் வாயோடு, ஆளுக்கு மூன்று விநாடி சறுக்கினார்கள். எவரிஸ்தோ தரையில் படுத்து, ஃபோனைச் சாய்த்துப் பிடித்து எடுத்தார். பார்த்தால் இமயமலை.

ஏழு மணிக்கு அனுப்பினார். ஏழு ஒன்றுக்குக் கிரிசெல்தாவின் குரல் வந்தது.

"நல்லா இருக்கு மாஸ்டர். ஆனா ரெண்டாவது கம்பத்துக்கிட்ட ஏன் ஒரு நாய் படுத்திருக்கு?"

"அது மீட்பு நாய் அம்மா. பனிச்சரிவு வந்தா ஆளைத் தேடும்."

போதாதா? ஒன்பது அம்மாக்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பனிச்சரிவு வருமா, எப்போது வரும், யார் பிள்ளை மேல் வரும். சரிவெல்லாம் வராது, நாயும் பயிற்சிக்குத்தான் வந்திருக்கிறது என்று புரியவைப்பதற்குள் அவர் சாப்பாடு ஆறிப்போனது.

புதனன்றும் ஹிமேனா உதட்டைப் பிதுக்கினாள். வெந்நீர் ஊற்றுக்குப் போனார்கள். குளத்திலிருந்து புகை புகையாக ஆவி எழும்புவதைப் பார்த்ததும் எவரிஸ்தோவுக்கு மூளை வேலை செய்தது. கரையோரப் பனியில் சீரோவை நிறுத்தி, 'மூடுபனியில் பார்வைப் பயிற்சி' என்று ஒரு வீடியோ எடுத்தார். நாய் இல்லை என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

"மாஸ்டர், என் பையனுக்குப் பின்னாடி ஜட்டியோட ஒரு ஆள் நடந்து போறாரே, யாரு அது?"

எவரிஸ்தோ வீடியோவை நாலாவது தடவை பார்த்தார். உண்மைதான். தொந்தியும் துண்டுமாக ஒரு மனிதர் மூடுபனியில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"அவரு... நார்வேக்காரர் அம்மா. நிபுணர். குளிரைத் தாங்கறதுக்குப் பயிற்சி தர்றார்."

கிரிசெல்தாவின் குரல் தேனாக வந்தது.

"நார்வேயா? முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா மாஸ்டர்? வெள்ளிக்கிழமை காலையில நான் நேர்ல வந்து அவரைப் பார்க்கிறேன்."

வியாழனன்று மலை மூடியிருந்ததைப் பற்றி எவரிஸ்தோ கவலைப்படவே இல்லை. அவருக்கு அவசரமாக ஒரு நார்வேக்காரர் தேவைப்பட்டார். ஊரெல்லாம் விசாரித்ததில் அந்தத் தொந்தி சந்தைத் தெருவில் கறிக்கடை வைத்திருந்தது. பெயர் ருஃபீனோ.

"நான் பொறந்ததே இந்தத் தெருவுலதான்," என்றார் ருஃபீனோ, விலா எலும்பை வெட்டியபடி.

"ஒரு மணி நேரத்துக்குத்தான்."

"பாஷை தெரியாதே."

"வாயே தொறக்காதீங்க. குளிர் நாட்டுக்காரங்க அதிகம் பேச மாட்டாங்க."

"சட்டையாவது போட்டுக்கலாமில்ல?"

எவரிஸ்தோ தயங்கினார். "வீடியோவுல சட்டை இல்லையே."

ருஃபீனோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். நல்ல மனிதர். அன்று மதியம் ஒன்பது பிள்ளைகளுக்கும் ஆட்டுக்கறி சுட்டுப் போட்டு, அவர்களோடு சீட்டாடித் தோற்று, கடைசியில் லிஃப்ட் அடியில் வந்து நிற்க ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கிரிசெல்தா வந்து இறங்கியபோது ஹிமேனா ஓடி வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"மூடிட்டாங்க மாஸ்டர். இன்னைக்கு ரொம்ப மோசமாம். அந்தப் பக்கமே வரக்கூடாதாம்."

"மூடின மலையைப் பார்த்தா கண்ணு போயிடுமா?" என்றாள் கிரிசெல்தா. "வண்டியை எடுங்க மாஸ்டர்."

வேன் லிஃப்ட் அடியில் போய் நின்றது. காற்று என்ற பேச்சே இல்லை. ஏற்கெனவே வந்து காத்திருந்த ருஃபீனோ, நீச்சல் ஜட்டியும் தோளில் துண்டுமாக, முழங்காலளவு பனியில் நீலம் பாரித்து நின்றார்.

கிரிசெல்தா பயபக்தியோடு கை நீட்டினாள். ருஃபீனோவின் பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன.

"என்ன சொல்றார்?"

"உங்களைப் பார்த்ததுல சந்தோஷம்ங்கறார்."

"எவரிஸ்தோ," என்றார் நார்வேக்காரர், மெண்டோசாவரைக்கும் கேட்கும் சுத்தமான உள்ளூர்ப் பேச்சில், "எனக்குக் கால் மரத்துப்போச்சு. கடையில ஈரல் அப்படியே கிடக்கு. நான் போறேன்."

போய்விட்டார்.

கிரிசெல்தா மெல்லத் திரும்பினாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? எவரிஸ்தோ தொப்பியைக் கழற்றிவிட்டுத் துடைப்பத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"நாலு நாளும் மலை மூடியிருந்துச்சு அம்மா. அதை அப்படியே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். பிள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல, அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

கிரிசெல்தா ஃபோனை எடுத்து, ஆஸ்திரியாவில் படித்த பையனின் எண்ணைத் தேட ஆரம்பித்தாள். சீரோ தன் பூட்ஸ் நுனியைப் பார்த்தான். ஹிமேனா வானத்தைப் பார்த்தாள்.

அப்போது குடிசைக் கதவைத் திறந்துகொண்டு லிஃப்ட்காரர் ஃபெர்மின் வெளியே வந்தார். எவரிஸ்தோவைக் கண்டதும் அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"காய்ச்சல் விட்டுச்சா மாஸ்டர்? நீங்க எந்திரிக்கவே முடியாம கிடக்கறீங்கன்னு இந்தப் பொண்ணும் இந்தப் பையனும் தினம் காலையில வந்து சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசே கேக்கல, ஏன்னா காத்தே இல்லாத இப்படி ஒரு வாரம் இந்த மலைக்கு வந்து முப்பது வருஷமாச்சு."