ஏழாம் புத்தகம்

ஆறு இருந்தது. எட்டு இருந்தது. நடுவில் ஏழைக் காணவில்லை.

நூலகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை எண்ணினார். 'நல்ல குடிமக்கள் வரிசை' என்று பெயர். மொத்தம் பன்னிரண்டு புத்தகங்கள். பளபள அட்டை, பக்கத்துக்கு நாலு வரி, மீதியெல்லாம் படம். 'வரிசையில் நில்', 'எல்லா நிறமும் அழகு', 'தோள் கொடு', 'கேள்வி கேள்' என்று ஒவ்வொன்றும் ஓர் அறிவுரை. பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளிலிருந்து அவை தலைமையாசிரியர் அறையின் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் கை பட்டால் அழுக்காகிவிடுமாம். வெள்ளிக்கிழமை வாசிப்பு வகுப்புக்கு மட்டும் தலைமையாசிரியர் இரண்டு மூன்றைத் தம் கையாலேயே எடுத்துக் கொடுப்பார். மணி அடித்ததும் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவார். இன்றைக்குத்தான் முதல் முறையாக மொத்தமும் நூலக அறைக்கு வந்திருந்தது. காரணம், பதினொரு மணிக்கு ஆய்வு அதிகாரி வருகிறார்.

காணாமற்போன ஏழாவது புத்தகத்தின் பெயர் 'உண்மையே பேசு'.

அலமாரிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். ஒற்றைக் காலுறை ஒன்றும் பாதி ஒடிந்த ஸ்கேலும் வந்தன. நூலகருக்கு நாலு வருஷமாகத் தற்காலிக வேலை. இன்றைக்கு அதிகாரி நல்லபடியாக ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் நிரந்தரம். வீட்டுக்காரர் நேற்றே தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். நிரந்தரமாகாமல் வீட்டுக்குப் போனால் தெருவையே மாற்ற வேண்டும்.

"என்ன டீச்சர், தரையில உக்காந்துட்டீங்க?" வாசலில் தலைமையாசிரியர்.

"சார், ஏழைக் காணோம்."

"ஏழையா? அது பத்தாம் புத்தகத்துல வருமே, 'இருப்பதைப் பகிர்'ல?"

"ஏழாம் நம்பர் சார். 'உண்மையே பேசு'."

"அதுவா!" தலைமையாசிரியர் நெஞ்சில் கை வைத்தார். "போன மாசம் அசெம்பிளியில அரை மணி நேரம் அதைப் பத்தித்தானே பேசினேன். அந்தக் கடைசிப் பக்கம் இருக்கே, எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"உங்க அலமாரியில விட்டுப் போயிருக்குமோ?"

"சான்ஸே இல்லை. பெட்டி வந்த அன்னிக்கே பன்னிரண்டும் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டவனே நான். கடைசியா யார் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்கன்னு ரிஜிஸ்டரைப் பாருங்க."

அந்த ரிஜிஸ்டருக்கு ஒரு வரலாறு உண்டு. ஒவ்வொரு புத்தகமும் குறைந்தது இருபது பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்வந்திருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. புத்தகமோ பூட்டுக்குள். "எப்படியாவது சரி பண்ணிடுங்க" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். எப்படி என்று கேட்கவில்லை. நூலகர் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து, மூன்று நிறப் பேனாவை மாற்றி மாற்றி, நடுநடுவே இடது கையாலும் எழுதி, இருநூற்று நாற்பது வரிகளை நிரப்பினார். அத்தனையும் கற்பனை. அவர் வாழ்நாளில் செய்த ஒரே இலக்கியப் பணி.

ரிஜிஸ்டரில் ஏழாம் புத்தகத்தின் கீழே கடைசியாக ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பெயர் இருந்தது. பள்ளிக்கூடமே கண்ணாடிக்காரி என்று கூப்பிடும் பெண். தலைமையாசிரியர் ஆளனுப்பி வரவழைத்துவிட்டார்.

'நான் எடுக்கவே இல்லை' என்று அவள் சொல்லிவிட்டால் ரிஜிஸ்டர் நாறிவிடும். நூலகர் கண்ணை மூடிக்கொண்டார்.

"'உண்மையே பேசு' நீ எடுத்தியாம்மா?" என்றார் தலைமையாசிரியர்.

"ஆமா சார். எடுத்தேன், ரெண்டு தடவை படிச்சேன், திருப்பிக் குடுத்துட்டேன்."

நூலகர் கண்ணைத் திறந்தார். தாம் இட்டுக்கட்டிய வரிக்குச் சாட்சி கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"கதை என்ன, சொல்லு பார்ப்போம்."

"ஒரு பையன் ஜன்னல் கண்ணாடியை உடைச்சுடுவான் சார். அப்புறம் உண்மையைச் சொல்லிடுவான். எல்லாரும் கை தட்டுவாங்க."

"அதே! அந்தக் கண்ணாடி உடையற இடம்தான் உயிர்" என்றார் தலைமையாசிரியர்.

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நூலகர் சிறுமியைத் தனியாகப் பிடித்தார். "நிஜமாவே படிச்சியா?"

"ரிப்போர்ட்கூட எழுதினேனே டீச்சர். நீங்கதானே பத்துக்குப் பத்து போட்டீங்க?"

போட்டிருந்தார். பன்னிரண்டு புத்தகத்துக்கும் ஆளுக்கொரு ரிப்போர்ட் என்று குவிந்ததில், அட்டையை மட்டும் பார்த்து எல்லாவற்றுக்கும் பத்து போட்டதாக ஞாபகம். ஆக, புத்தகம் நிஜமாகவே வெளியே போயிருக்கிறது. யாரோ சுட்டுவிட்டார்கள்.

மணி பத்து ஆகவில்லை. நூலகர் ஐந்தாம் வகுப்புக்குப் போய்க் குரலைத் தேனாக்கிக்கொண்டார்.

"கண்ணுங்களா, ஏழாம் புத்தகத்தை யாரோ தெரியாம எடுத்திருக்கீங்க. திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன். உண்மையை ஒத்துக்கறவங்களுக்குத் தங்க நட்சத்திர ஸ்டிக்கர்!"

அதுதான் தப்பாகப் போயிற்று. பதினாலு கைகள் உயர்ந்தன.

"நான்தான் டீச்சர் எடுத்தேன். எங்க நாய் தின்னுடுச்சு."

"இல்லை டீச்சர், நான். பஸ்ல விட்டுட்டேன்."

"நான் எடுத்து எங்க சித்தி வீட்டுல வெச்சுட்டேன். சித்தி ஊரை விட்டே போயிட்டாங்க."

"நானும் இவனும் பாதிப் பாதியா எடுத்தோம் டீச்சர். ரெண்டு ஸ்டிக்கர் குடுங்க."

"ஒரு புத்தகத்தைப் பதினாலு பேர் எப்படிடா எடுப்பீங்க?" நூலகரின் தேன் வற்றிவிட்டது. "பதினாலு பேரும் வெளியே போங்க! நிஜமா எடுத்தவங்க யாருன்னு தெரியற வரைக்கும் வராந்தாவுல நில்லுங்க!"

பதினாலு பேர் எழுந்து போனார்கள். அடுத்த நிமிஷம் மீதி இருபத்திரண்டு பேரும் எழுந்தார்கள்.

"நீங்க எங்கே?"

"'தோள் கொடு', ஐந்தாம் புத்தகம்" என்றாள் கண்ணாடிக்காரி. "நண்பர்கள் தண்டிக்கப்படும்போது கூட நிக்கணும் டீச்சர். நீங்கதான் வாசிச்சுக் காட்டினீங்க."

முப்பத்தாறு பேரும் வராந்தாவில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தவர்கள் சும்மா இருந்தார்களா? அதிகாரியை வரவேற்க எழுதி வைத்திருந்த 'வருக! வருக!' அட்டையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் 'விசாரி! விசாரி!' என்று எழுதினார்கள். நியாயமான விசாரணை வேண்டும் என்றார்கள். விசாரணைக் குழுவை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு புத்தகமும் சேர்ந்து அவர்கள் மண்டைக்குள் எதையாவது ஏற்றியிருக்கும் என்று நூலகர் கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் இன்றைக்கா வேலை செய்ய வேண்டும்?

மற்ற வகுப்புகளும் ஜன்னலோரம் கூடிவிட்டன. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு தூதுக் குழு வந்து, தங்களுக்கும் இடம் உண்டா என்று விசாரித்துவிட்டுப் போனது.

தலைமையாசிரியர் தலையில் கை வைத்தார். "என்ன டீச்சர் இது? ஒரு புத்தகத்தைத் தேடச் சொன்னா ஒரு புரட்சியைக் கிளப்பிட்டீங்களே!"

"சார், அந்தப் புத்தகம் இருந்தா பிள்ளைங்க எழுந்துடுவாங்க."

"அப்ப இருக்கற மாதிரி பண்ணிடுவோம்."

அவரே போய் ஒல்லியான பெருக்கல் வாய்ப்பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். நூலகர் நீல நிற வழவழப்புத் தாளில் அட்டை போட்டார். ஒரு சூரியன், இரண்டு பிள்ளைகள், கூடவே ஒரு நாய் வரைந்தார். நாய் கழுதை மாதிரி வந்தது. தலைப்பை மட்டும் தலைமையாசிரியர் தம் அழகான கையெழுத்தில் எழுதினார். எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார்கள்.

"கிடைச்சுடுச்சு! எல்லாரும் வகுப்புக்குப் போங்க!"

கண்ணாடிக்காரி அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "சார், 'உண்மை'க்கு மூணு சுழி ண வரும். இதுல ரெண்டு சுழி போட்டிருக்கு."

தலைமையாசிரியர் முகம் வெளிறியது. "அச்சுப் பிழைம்மா."

"மை இன்னும் காயலையே சார்?"

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். அதிகாரி இருபது நிமிஷம் முன்னாடியே வந்துவிட்டார்.

உள்ளே வந்த அந்த அம்மாள் வராந்தாவைப் பார்த்தார். சம்மணமிட்ட முப்பத்தாறு பேரைப் பார்த்தார். 'விசாரி! விசாரி!' அட்டையைப் பார்த்தார். நூலகர் மனசுக்குள் தெருவைக் காலி செய்து சாமான் ஏற்றத் தொடங்கிவிட்டார்.

"இது என்ன?" என்றார் அதிகாரி.

கண்ணாடிக்காரிதான் எழுந்தாள். "அமைதியான போராட்டம் மேடம். நாங்க யார் வழியையும் மறைக்கலை. குப்பையும் போடலை."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அற்புதம்! இதைத்தானே நாங்க எதிர்பார்த்தோம்! எத்தனையோ பள்ளிக்கூடம் போனேன், எல்லா இடத்துலயும் பிள்ளைங்க கையைக் கட்டிட்டுப் பாட்டுப் பாடறாங்க. இங்கேதான் செயல்முறையாவே சொல்லித் தர்றாங்க. யாரோட யோசனை?"

"நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சதுதான்" என்றார் தலைமையாசிரியர், சற்றும் கூசாமல்.

"பிள்ளைங்களா, பன்னிரண்டுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம் எது?"

"ஏழூ!" என்று முப்பத்தாறு தொண்டையும் ஒன்றாகக் கத்தின.

"எனக்கும் அதேதான்!" அதிகாரி நெகிழ்ந்துவிட்டார். "புத்தகத் தேர்வுக் குழுவுல இருந்தப்போ அதை மட்டும் மூணு தடவை படிச்சேன். இந்த வரிசையிலேயே சிறந்தது அதுதான்னு என் கைப்பட எழுதிக் குடுத்தேன். எங்கே, இப்படிக் குடுங்க."

நூலகரின் கையிலிருந்த நீல அட்டைப் புத்தகத்தை அவரே வாங்கிக்கொண்டார். திறந்தார். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று இருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார். நிமிர்ந்து பிள்ளைகளைப் பார்த்தார். நிதானமாக ஒரு பக்கம் திருப்பினார். பிறகு மூடினார்.

"எத்தனை தடவை படிச்சாலும் அலுக்காது" என்றார்.

நூலகருக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. இந்த அம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாலு வருஷத் தற்காலிகக்காரியைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல் மறைக்கிறார். இப்பேர்ப்பட்ட நல்ல மனுஷியிடமா பொய்க் கணக்கைக் காட்டப்போகிறோம்?

அறைக்குள் போனதும் அதிகாரி ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, 'முன்மாதிரி நூலகர். நிரந்தரம் செய்யலாம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். நாலு வருஷமாகக் காத்திருந்த வரி. நூலகர் ரிஜிஸ்டரை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும்…"

தலைமையாசிரியர் மேசைக்கு அடியில் அவர் காலை ஓங்கி மிதித்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

"அந்த ஏழாம் புத்தகம்… அது வந்து மேடம்…"

நூலகர் வாயைத் திறந்து, அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. நெற்றி வியர்வையைத் துடைத்தபடி கூரியர்காரர் நின்றார். கையில் ஒரு சின்னப் பார்சல். பின்னாலேயே கண்ணாடிக்காரியும் இன்னும் நாலைந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்கே சார் கையெழுத்து? நல்ல குடிமக்கள் வரிசையில ஏழாம் நம்பரு. அன்னிக்குப் பெட்டியில பதினொண்ணுதான் போட்டாங்களாம், அதுக்குக் கம்பெனிக்காரங்க மன்னிப்புக் கேட்டுப் பார்சல் மேலேயே லெட்டர் ஒட்டியிருக்காங்க. அதை எழுதறவர் போன வாரந்தான் எழுதியே முடிச்சாராம்; உலகத்துலேயே முதல் காப்பி உங்களுக்குத்தான்!"