எட்டாவது பாட்டுக்கு ரெண்டு சீட்டு

சேசு மரி சூசை துணை

பாதிப் பேச்சுல போனை வெச்சுட்டா பேச்சு முடிஞ்சிடுமா பிரவீனு? அதான் கடுதாசி. இதை நீ ‘சரிங்க அத்தை, சரிங்க அத்தை’ன்னு சொல்லி வைக்க முடியாது பாரு.

அன்புள்ள அண்ணன் மகன் ஆரோக்கிய பிரவீனுக்கு அத்தை மதலேனம்மாள் எழுதிக்கொண்டது. இங்கு மாதா தயவால் நானும் மாடும் கன்றும் சுகம். அங்கு உன் சுகத்துக்கும், உன்கூடப் பாடும் யுவராணியின் தொண்டைக்கும் தினமும் ஒரு செபமாலை ஒப்புக்கொடுக்கிறேன். அந்தப் புள்ள குரலை மொதல்ல கேட்டப்ப சளி கட்டியிருக்குன்னு சுக்கு தட்டி வெச்சேன். எம் மருமவ பிளசிதான், “அத்தை, அவங்க சோல் சிங்கர். அடித்தொண்டையிலருந்து அப்படித்தான் வரும்”னா. சரி, சுக்கு வீணாப் போவாது, நானே குடிச்சேன்.

நீ பியானோ, அது பாட்டு, ரெண்டு பேரும் சேர்ந்து எட்டுப் பாட்டுல ஜாஸ் ஆல்பம் போடறீங்க, ஏழு முடிஞ்சிது, எட்டாவதை இருபத்தஞ்சாந் தேதி சனிக்கிழமை பெங்களூரு ஹால்ல சனத்துக்கு முன்னாடியே வாசிச்சு அங்கயே பதிவு பண்ணப் போறீங்க. அதுக்கு உங்கப்பா வரணும், ஆனா ஹால்ல ஒரு இருமல்கூடக் கேக்கக் கூடாதுன்னே. ரெண்டும் எம் பொறுப்பு. முடிச்சுட்டேன்.

எப்பிடின்னு கேளு. பேங்க் வேலையை வுட்டுட்டு நீ பியானோவுல ஒக்காந்த நாள்லருந்து பதினாலு மாசமா அண்ணன் உன் பேரை எடுக்கல. “பொட்டி தட்டறவன்”னுதான் சொல்வாரு. நேரா பாட்டைப் போட்டா எந்திரிச்சுப் போயிடுவாரு. அதனால, போன செவ்வாக்கெழமை நம்ம வூட்டுக்கு மாதா சுரூபம் வந்துது இல்ல, அன்னிக்குப் போட்டேன். செபமாலை மாசத்துல முறை வெச்சு வூட்டுக்கு வூடு சுரூபம் வரும், சுரூபம் எங்கயோ செபம் சொல்ற நாங்க முப்பத்திரண்டு பேரும் அங்க, இது உனக்குத் தெரியாததா? போன வருசம் தங்கம்மா அவ முறையன்னிக்கு தருமபுரி ஆஸ்பத்திரியில படுத்திருந்தா. விட்டமா? சுரூபத்தைத் தூக்கிட்டு வேன் ஏறி, வார்டுல அவ கட்டிலைச் சுத்தி முழங்கால் போட்டோம். பக்கத்துக் கட்டில்காரங்களும் சேர்ந்துக்கிட்டாங்க.

செபமாலை முடிஞ்சு மாதா பிரார்த்தனையும் முடிஞ்சுது. எல்லாரும் இன்னும் கண்ணை மூடி இருந்தாங்க. பிளசிக்குக் கண்ணைக் காட்டினேன், ஸ்பீக்கர்ல, நீ ஒத்திகை பாத்து அனுப்பின எட்டாவது பாட்டு வந்துது. நீ நாலு தட்டு தட்டினே. அந்தப் புள்ள வார்த்தையே இல்லாம ‘ஊம்ம்ம்’னு இழுத்துது, நிறுத்திடுச்சு. நீயும் நிறுத்திட்டே. செபமாலையில ரெண்டு மணி உருட்டற நேரம் சும்மா இருக்குது. தங்கம்மாவுக்கு எடம் சும்மா இருந்தா பொறுக்குமா? “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!”னு பதில் சொன்னா, பிரார்த்தனை இன்னும் முடியலைன்னு நெனச்சு. அடுத்த இழுப்புக்கு எல்லாரும் சொன்னாங்க. மறுபடி இழுப்பு, மறுபடி “வேண்டிக்கொள்ளும்!” ஒம்போது தடவை! நாலாவதுக்கு மேல அது உன் தட்டுல கச்சிதமா வந்து ஒக்காந்துது சாமி, மாதா சத்தியமா. எல்லாரையும் விட ஒசத்தியா கத்தினது யாருன்னு நெனைக்கறே? உங்கப்பா.

முடிஞ்சதும் கண்ணைத் தொறந்து, “பொட்டி வாசிக்கிறது யாரு? பொறுமைக்காரன். பதில் சொல்ல எடம் விட்டு வாசிக்கிறானே”ன்னாரு.

“உம் மவன்தாண்ணே.”

அண்ணன் துண்டை உதறித் தோள்ல போட்டாரு, சுண்டலைத் தொடாம எந்திரிச்சுப் போயிட்டாரு. தங்கம்மா, “ஏண்டி மதலேனா, பதினாலு மாசத்தை இருவதா ஆக்கிட்டியே”ன்னா. எனக்கு ராத்திரி சோறு எறங்கல.

விடிஞ்சா வாசல்ல நிக்கறாரு. “அதை இன்னொருக்கா போடு.” போட்டேன். மூணு தடவை கேட்டாரு. அப்புறம் எருமையைப் பாக்கற மாதிரி அந்தாண்டை திரும்பிக்கிட்டு, “சனிக்கிழமை எத்தினி மணிக்கு?”ன்னாரு. பிரவீனு, நான் அழுதுட்டேன்டா.

அதனால நீ தைரியமா வாசி. பின்வரிசையில ரெண்டே ரெண்டு சீட்டு போதும், எனக்கும் அண்ணனுக்கும். “அண்ணே, அங்க யாரும் பதில் சொல்லக் கூடாது, அது வேற மாதிரி பாட்டு”ன்னு படிச்சுப் படிச்சு சொல்லிட்டேன். “நான் என்ன பச்சப்புள்ளையா?”ன்னு கோவிச்சுக்கிட்டாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டறப்ப மட்டும் ஏதோ முணுமுணுங்கறாரு, அது பரவால்ல. ரெண்டு பேர் வாயிலயும் பனங்கற்கண்டு போட்டு அடக்கிடறேன். ஒரு பூச்சி பறக்கற சத்தம் கேக்காது, அதுக்கு நான் ஜவாப்தாரி.

ஆண்டவர் உன் பத்து விரலையும், அந்தப் புள்ள தொண்டையையும் காப்பாராக. பெங்களூரு குளிர்ல காதை மூடிக்கோ.

இப்படிக்கு,
உன் நன்மையே நாடும் அத்தை,
மதலேனம்மாள்

பி.கு.: கவரை ஒட்டறப்பதான் செபமாலை முறை எழுதின காகிதம் கண்ணுல பட்டுது. ரெண்டு சீட்டுன்னு எழுதினேனே, அதை அடிச்சுடு கண்ணு, பத்தாது. இருபத்தஞ்சாந் தேதி சுரூபம் உங்கப்பா முறை.